எரிந்த கடைக்கு விலை சொன்னவள்

சந்தைத் தெருவின் கடைசியில், ஒரு காலத்தில் கார் ரிப்பேர் நடந்த தகரக் கொட்டகையில் அவள் பழைய சாமான் கடை வைத்திருந்தாள். கட்டில், மேஜை, நாற்காலி, அலமாரி, எப்போதாவது ஒரு தையல் மெஷின். வீடு காலி செய்கிறவர்களிடம் வாங்குவாள், புதிதாகக் குடி வருகிறவர்களுக்கு விற்பாள். வாசலில் ‘கறார் விலை’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் ஊரே அவளிடம் பேரம் பேசியது. அதனால் அவளுக்குக் கறாரக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொன்ன விலையை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போன புண்ணியவான்கள் இரண்டொருவர் உண்டு. அவர்கள் போன பிறகு அவளுக்கு அன்றைக்கெல்லாம் மனசு சரியிருக்காது. இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று இருக்கும்.

வாய்தான் அவளுடைய முதல். வாடிக்கையாளர் அலமாரிப் பக்கம் திரும்புவதற்குள் விரலை மடக்கி மரத்தை ஒரு தட்டுத் தட்டுவாள். “சத்தத்தைக் கேளுங்க. தேக்கு பேசுது பாருங்க” என்பாள். தேக்கு பேசியதோ இல்லையோ, அவள் பேசுவாள். எதை எவ்வளவுக்கு வாங்கினாள் என்பது மட்டும் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் அவள் கணவர் ஒருமுறை கேட்டார். அவள் ஒரு தொகையைச் சொன்னாள். அதுவும் நிஜமில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டவர், பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். கொட்டகையின் பின்பக்கம் உட்கார்ந்து, கொடுத்த சாமானுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டும் பெயின்ட் அடித்துக்கொண்டும் நிம்மதியாக இருந்தார்.

கடையின் கால் மாதிரி இருந்தவர் வேன்காரர். அவருடைய பச்சை வேனின் இடதுபக்கக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு அவர்தான் சாமான் ஏற்றி இறக்கினார். ஒருமுனையை அவர் தூக்கினால் மறுமுனையை அவள் தூக்குவாள். மாடிப்படித் திருப்பங்களில் கட்டிலை எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்று இருவருக்கும் கண்ஜாடையே போதும். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். வயதை ஒத்துக்கொள்ள இருவருக்குமே மனமில்லை.

அவருடைய மகள் புருஷனோடு தனி வீடு பார்த்துப் போனபோது, அப்பா கையால் ஒரு அலமாரி வாங்கித் தரவேண்டும் என்று அவருக்கு ஆசை. கடையில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, பித்தளைக் கைப்பிடி வைத்து ஒன்று நின்றது. அதைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டார். அவள் வாய்ப் பழக்கத்தில் எல்லோருக்கும் சொல்கிற விலையைச் சொன்னாள். இவர் குறைத்துக் கேட்பார், குறைத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அவரோ, அக்கா நம்மிடம் கூட்டியா சொல்லப்போகிறார் என்று கூச்சப்பட்டு, சட்டைப்பையிலிருந்து எடுத்து அப்படியே கொடுத்துவிட்டார். ஒரு நிமிஷம் அவள் கை தயங்கியது. தயங்கிய கை வாங்கியும் கொண்டது.

இரண்டு மாதத்தில் அலமாரியின் கதவு தொங்கிப் போயிற்று. அடியில் மாவு மாதிரி மரத்தூள் கொட்ட ஆரம்பித்தது. வேன்காரர் திருப்புளியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். அலமாரியின் காலைச் சுரண்டிப் பார்த்தபோது வெள்ளைப் பெயின்ட் செதிலாக உரிந்து வந்தது. உள்ளே ஒரு ஆழமான நசுங்கல், அதில் நீலக்கறை. அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. ஆறேழு மாதம் முன்பு ஒரு பழைய வீட்டிலிருந்து அந்த அலமாரியைத் தூக்கி வந்தபோது, நீலநிற இரும்பு கேட்டில் இடித்தவர் அவரேதான். அந்த வீட்டுக்காரர் காசு எதுவும் கேட்கவில்லை. விறகுக்குக்கூட எவனும் எடுக்கமாட்டேன் என்கிறான், தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று சொன்னதை இவரும் பக்கத்தில் நின்று கேட்டிருந்தார். அதை முதுகில் சுமந்து வந்தவருக்கே அவள் விற்றிருக்கிறாள்.

அன்று மாலையே கடைக்குப் போனார். சத்தம் போடவில்லை. இது அந்த வீட்டு அலமாரிதானே என்று மட்டும் கேட்டார். கடையில் மூன்று நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரே இறங்கிப்போக அவளுக்கு மனம் வரவில்லை. “தொழில்னா தொழில்தான் அண்ணே. பெயின்ட் யார் அடிச்சா, கைப்பிடி யார் மாத்தினா? அதெல்லாம் சும்மா வருதா?” என்றாள். வந்திருந்தவர்களில் ஒருவர், தூக்கிட்டு வந்தவர் தலையிலயே கட்டிட்டீங்களா என்று கேட்டுச் சிரித்தார். கடையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பச்சை வேன் அந்தப் பக்கம் வரவில்லை. அவள் வேறு வண்டி பிடித்தாள். போனால் போகட்டும், ஒரு அலமாரிக்கு இத்தனை ரோஷமா என்று கணவரிடம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவே கதவடைத்துக் கிடந்த நேரத்தில், வேன்காரர் கேனில் பெட்ரோலோடு வந்தார். கொட்டகையின் பின்கதவைத் தட்டி, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று பலமுறை கூப்பிட்டார். தெருமுனை டீக்கடைக்காரர் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார், ஏதோ லோடு இறக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். பின்பக்கம் பஞ்சு மெத்தைகள் அடுக்கியிருந்தன, பக்கத்திலேயே பாலிஷ் டின்கள். தீ வைத்தவுடன் குபுகுபுவென்று பிடித்துக்கொண்டது. வைத்தவர் ஓடவில்லை. எதிரே மூடிக் கிடந்த கடையின் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். தீயணைப்பு வண்டி வரும்வரை அங்கேயே இருந்தார்.

அவள் தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் ஓடி வந்தபோது, அவர் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்.

“உள்ள யாரும் இல்லைன்னு பாத்துட்டுத்தான் அக்கா வெச்சேன்.”

அவள் அவரை அடிக்கப் போனாள். கணவர் பிடித்துக்கொண்டார்.

மிச்சம் என்று பார்த்தால் இரும்புக் கட்டில் சட்டங்கள் நாலைந்து, வெடித்த கண்ணாடி, வாணலி மாதிரி வளைந்துபோன தகரம். இன்சூரன்ஸ் கிடையாது. ஏஜென்டை இரண்டு முறை விரட்டியவள் அவள்தான். ராப்பகலாக அவளுக்கு ஒரே நினைப்பாக இருந்தது. அந்த ஆள் வெளியே வரவே கூடாது, உள்ளேயே கிழவனாகட்டும். இன்ஸ்பெக்டர் அம்மா வந்து என்னென்ன எரிந்தது, என்ன மதிப்பு என்று கேட்டபோது, ஒவ்வொன்றுக்கும் கறார் விலையைச் சொன்னாள், அதற்குமேல் கொஞ்சம் சேர்த்தும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் அம்மா எழுதிக்கொண்டே ஒருமுறை புருவத்தை உயர்த்தினார். போன வருஷம் செருப்பு வைக்கிற ஸ்டாண்டு ஒன்றை அந்தக் கடையில் பாதி விலைக்கு அடித்துப்பேசி வாங்கியவர் அவர்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. தீ வைத்தது நான்தான் என்று வேன்காரர் முதல் நாளே ஒத்துக்கொண்டார். பிறகு எதற்குச் சாட்சி, விசாரணை என்று அவளுக்குப் புரியவில்லை. அரசு வக்கீல் அவளையும், கூட வந்த அவள் தம்பியையும் தன் அறையில் உட்காரவைத்து விளக்கினார்.

“தீ வெக்கிறதுங்கிறது ஒரே குற்றம்தான்மா, ஆனா தண்டனை ஒரே மாதிரி இல்லை. ஆள் இருக்கிற இடத்துல வெச்சா அது தனி, ஆயுள் வரைக்கும் போகும். இங்க ஆள் இல்லை. அப்ப என்ன பாப்பாங்கன்னா, எரிஞ்சதோட மதிப்பு. சட்டத்துல ஒரு தொகை போட்டிருக்கு. அதுக்குக் கீழ இருந்தா மூணு வருஷத்துக்கு மேல குடுக்க முடியாது. அதைத் தாண்டிட்டா பத்து வருஷம் வரைக்கும் குடுக்கலாம்.”

கொட்டகைக்கு ஏற்பட்ட சேதத்தை ஒரு எஞ்சினியர் பார்த்து மதிப்புப் போட்டுவிட்டாராம். அதில் தகராறு இல்லை. தகரம்தானே, பெரிய தொகையும் இல்லை. மீதி எல்லாம் அவளுடைய சாமான்கள்தான். அவள் போலீஸில் சொன்ன விலைப்படி கூட்டினால், அந்தத் தொகைக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. எதிர்தரப்பு வக்கீல் குறைக்கப் பார்ப்பார், அதனால் கேட்பதற்கு யோசித்து, நிதானமாகப் பதில் சொல்லுங்கள் என்றார் அரசு வக்கீல்.

தம்பிக்குக் கை பரபரத்தது. அவன் செல்போன் கடை வைத்திருக்கிறவன், எதையும் உடனே முடித்துவிடவேண்டும் அவனுக்கு. எட்டுப்பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய மேஜை ஒன்று இருந்ததே, அதையும் சேர்த்துவிட்டால் தாராளமாகத் தாண்டிவிடுமே என்றான். அந்த மேஜை தீக்கு முந்தின வெள்ளிக்கிழமையே விற்றுப் போயிருந்தது. அரசு வக்கீல் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

“இருக்கிறதைக் கூட்டிச் சொல்வேன். இல்லாததை வித்ததில்லைடா.”

அரசு வக்கீல் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே, அதுதான் சரி என்றார்.

வழக்கு நாளுக்கு ஒரு வாரம் முன்பு அவள் கரிப்பிடித்த கொட்டகையில் உட்கார்ந்து, தப்பித்த கட்டில் சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. வேன்காரர் மனைவி. ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுகிற லாண்டரியில் வேலை பார்க்கிறவர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். அழ வந்திருக்கிறார், காலில் விழப்போகிறார் என்று அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். அந்தப் பெண் அழவில்லை.

“அவர் செஞ்சது தப்பு. விட்டுடுங்கன்னு கேக்க வரலை. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அந்த அலமாரியை நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்க?”

அதெல்லாம் தொழில் விஷயம், வெளியில் சொல்கிற வழக்கமில்லை என்றாள் அவள். அந்தப் பெண் “சரிங்க” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அந்தச் ‘சரிங்க’ அவளைச் சும்மா விடவில்லை. காலில் முள் ஏறின மாதிரி, நடக்கும்போதெல்லாம் குத்திக்கொண்டே இருந்தது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கணவரைக் கேட்டாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“என்னைக் கேட்டா? வாங்கின விலையை எனக்கே நீ சொன்னதில்லையே” என்று சிரித்தார் அவர். பிறகு சாப்பிட்டுக்கொண்டே, அந்த அலமாரிக்குள் மரத்தை அரிக்கிற உளுப்பூச்சி இருந்தது தனக்குத் தெரியும் என்றார். துளைகளை மெழுகு வைத்து அடைத்தவரே அவர்தான். நம் வேன்காரர்தான் வாங்கப்போகிறார் என்று தெரிந்திருந்தால் தானே போய்ச் சொல்லியிருப்பேன் என்றார்.

சாட்சி சொல்லும் நாளில் சந்தைத் தெருவில் பாதிப்பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடைக்காரர், தம்பி, மெத்தைக்கடைக்காரர், அவளிடம் கட்டில் வாங்கினவர்கள், வாங்கலாமா என்று யோசித்தவர்கள். கம்பித் தடுப்புக்குப் பின்னால் வேன்காரர் இருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

வேன்காரருக்காக நீதிமன்றமே ஏற்பாடு செய்து கொடுத்த வக்கீல் ஒரு இளம்பெண். குரலை உயர்த்தாமல் கேட்டார். முதலில் நாலு நாற்காலி. அவள் விலையைச் சொன்னாள்.

“பேரம் பேசினா குறைப்பீங்களா?”

“குறைப்பேன்.”

“எவ்வளவு?”

“அது ஆளைப் பொறுத்துங்க.”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது. அப்படியானால் வாங்கின விலையைச் சொல்லுங்கள் என்றார் அந்த வக்கீல். அரசு வக்கீல் எழுந்து, சும்மா கிடைத்த பொருளாக இருந்தாலும் எரிந்த அன்றைக்கு அதற்கு ஒரு மதிப்பு உண்டு, வாங்கின விலை அதற்கு அளவாகாது என்றார். சொல்கிற விலையும் அளவாகாது, அந்த விலைக்கு அங்கே எதுவும் விற்பதே அபூர்வம் என்றார் அந்த இளம்பெண். இரண்டுபேரும் சொல்வதில் நியாயம் இருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவள் பக்கம் திரும்பினார்.

“நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கம்மா. விவரம் தெரிஞ்ச ஒருத்தர் வர்றார். மரம் என்ன, எங்க ஓட்டை இருக்கு, எல்லாம் அவருக்குத் தெரியும். அவரும் உங்களை ஏமாத்தலை, நீங்களும் அவரை ஏமாத்தலை. அவர் என்ன விலை குடுத்து எடுத்துட்டுப் போவார்?”

விவரம் தெரிந்த ஆள் என்று நீதிபதி சொன்னதும், அவள் கண் தானாகப் போனது கம்பித் தடுப்புக்குத்தான். அவளுடைய சாமான்களில் எது எங்கே கிடந்தது, எந்தப் படியில் இடித்தது, எதைச் சும்மா கொடுத்தார்கள், எதை அழுதுகொண்டே கொடுத்தார்கள் என்று அத்தனையும் தெரிந்த ஒரே ஆள் அங்கே நின்றிருந்தார். அவர் இப்போது தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற பார்வையும் இல்லை, முறைப்பும் இல்லை. சந்தைத் தெருவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இங்கே வாயைத் திறந்தால் நாளை முதல் ஒருத்தரும் நம்மை மதிக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. நஷ்டஈடும் குறையும். அவர்மேல் இருந்த கோபமும் போய்விடவில்லை, அப்படியேதான் இருந்தது.

ஆனாலும் சொன்னாள்.

“நாலு நாற்காலி ஐயா. மூணு நல்லா இருக்கும். நாலாவதுல உக்காரலாம், சாயக்கூடாது.”

இந்த முறை நீதிபதியும் சிரித்துவிட்டார். அவள் தொடர்ந்தாள். ஒவ்வொரு பொருளாக, மரம் இது, குறை இது, விலை இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போனாள். வெளிப்பார்வைக்குத் தேக்கு, உள்ளே ஒட்டுப்பலகை. மெத்தை மேலுறைதான் புதுசு, பஞ்சு பழசு. கண்ணாடியில் ஓரத்தில் ரசம் போயிருந்தது, அதை மறைக்கத்தான் பூ வரைந்திருந்தாள். இத்தனை வருஷமாக உள்ளேயே பூட்டி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. முதலில் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில், இறுக்கமான செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒரே ஒரு எழுதுமேஜை வந்தபோது மட்டும் குரல் ஏறியது.

“இது நிஜமாவே தேக்கு ஐயா. இதுக்கு நான் சொன்ன விலை குறைச்சல். விவரம் தெரிஞ்சவர் இன்னும் ஜாஸ்தி குடுப்பார்.”

அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார் நீதிபதி. எழுத்தர் கூட்டிப் பார்த்தார், மறுபடியும் கூட்டிப் பார்த்தார். கொட்டகையின் சேதத்தையும் சேர்த்து, தொகை சட்டம் போட்ட அளவுக்குக் கீழேதான் நின்றது. தம்பி நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிவிட்டு வெளியே போனான்.

சாட்சிக்கூண்டிலிருந்து இறங்கி வந்தவளிடம் அரசு வக்கீல் கோபித்துக்கொள்ளவில்லை. நான் கேட்டது நிதானமான பதில், நீங்கள் கொடுத்துவிட்டீர்கள் என்று மட்டும் சொன்னார். பின்னால் அவரே எழுந்து, தீ வைத்தது மத்தியான வேளை, பக்கத்தில் இருந்த டீக்கடைக்குப் பரவியிருக்கலாம், இதை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று வாதாடினார். இதுவரை வேறு குற்றம் இல்லை, ஓடவில்லை, மறைக்கவில்லை என்று எதிர்தரப்பு சொன்னது. இரண்டையும் கேட்டு நீதிபதி இரண்டு வருஷம் போட்டார். வெளியே வந்த பிறகு மாதத் தவணையாக நஷ்டஈடு கட்டவேண்டும் என்றும் சொன்னார். பத்து வருஷம் என்றிருந்தால் அந்த மனுஷர் வெளியே வரும்போது பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும்.

நீதிமன்ற வாசலில் வேன்காரர் மனைவி நின்றிருந்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் வந்தபோது தலையை லேசாக அசைத்தார். அவள் நின்றாள். நீங்கள் அன்றைக்குக் கேட்ட விலை, ஒன்றுமே இல்லை, சும்மா கிடைத்தது என்றாள். தெரியும் என்றார் அந்தப் பெண், உங்கள் வாயால் கேட்கவேண்டும் என்றுதான் அன்றைக்கு வந்தேன் என்றார்.

தம்பி மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் புதுத் தகரம் நாலு ஷீட்டை ஒரு வண்டியில் போட்டு அனுப்பிவைத்தான். எங்கிருந்து என்று கேட்டால், யாரோ கொடுத்தது என்றான். அது பச்சைப்பொய் என்று அவளுக்குத் தெரியும். சரிடா என்று வாங்கிக்கொண்டாள்.

கடையை ஒரு மூலையில் தொடங்கினார்கள். தேய்த்து வர்ணம் பூசிய இரும்புக் கட்டில்கள், இரண்டு மேஜை, ஒரு அலமாரி. முதல் வாரம் வந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான். ஒருவர் குறும்பாக, கோர்ட்டில் சொன்ன விலைக்குக் கொடுங்கள் என்றார்.

“அது எரிஞ்ச சாமானுக்குச் சொன்ன விலை. இது எரியாம நிக்குது, கண்ணு தெரியலையா?” என்றாள் அவள்.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. குறையை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் விலை சொல்லப் பழகிவிட்டாள். வேண்டுமென்று செய்ததில்லை, கூண்டில் ஏறி ஒருமுறை சொல்லிவிட்டதால் வாய் அந்தப் பக்கமே போனது. தேக்கு இல்லை, இழுப்பறை மழைக்காலத்தில் இறுகும், மற்றபடி உங்கள் காலம் முடியும்வரை வரும் என்பாள். கேட்கிறவர்கள் முதலில் திகைப்பார்கள். இழுப்பறை இறுகும் என்று சொல்கிறவள், வரும் என்று சொன்னால் வரும்தானே என்று தோன்றிவிடும். வருஷம் திரும்புவதற்குள் கொட்டகை பாதி நிரம்பிவிட்டது. பேரம் மட்டும் குறையவில்லை. பேரம் இல்லாத கடையில் உட்கார அவளுக்கே பொழுது போகாது.

இன்ஸ்பெக்டர் அம்மா இப்போது அவளை அவ்வப்போது கூப்பிடுவார். எங்காவது பழைய பொருள் திருடு போனால், எரிந்துபோனால், வந்து ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள் என்பார். ஒருமுறை நடைபாதையில் தார்ப்பாய் கட்டித் தைக்கிற ஒரு தையல்காரரின் மெஷினை எவனோ பொறாமையில் கொளுத்திவிட்டான். போலீஸ்காரர் ஒருவர் பழைய இரும்பு என்று எழுதப் போனார். அவள் விடவில்லை. அந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்த மெஷின், ஓடுகிற மெஷினுக்கு என்ன விலையோ அதைத்தான் போடவேண்டும் என்றாள். சாம்பலைக் கிளறி, தைக்கக் கொடுத்திருந்த மற்றவர்கள் துணிகளையும் எண்ணிச் சேர்க்கச் சொன்னாள். அப்படியும் தொகை சிறியதாகத்தான் நின்றது, சட்டம் போட்ட கோட்டின் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரு மனுஷனின் மொத்தப் பிழைப்பும் அதற்குள் அடக்கம், ஆனாலும் கணக்கு அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் நெடுநேரம் அதையே பேசிப் பொருமினாள். மறுநாள் காலையில், கடையில் விற்காமல் நின்ற தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு, அந்தத் தையல்காரருக்குத் தவணையில் கொடுத்துவிட்டு வந்தாள். முதல் தவணை எப்போது என்று அவர் கேட்டதற்கு, முதலில் நாலு ரவிக்கை தையுங்கள், பிறகு பார்க்கலாம் என்றாளாம்.

வேன்காரர் நன்னடத்தைக்காகச் சில மாதம் முன்னதாகவே வெளியே வந்தார். அவளைப் பார்க்க வரவில்லை. நகரத்தின் மறுபக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் செடி ஏற்றுகிற வண்டி ஓட்டுவதாகக் கேள்வி. தவணை மட்டும் மாதம் தவறாமல் நீதிமன்றத்தில் கட்டிவந்தார். அவளும் தேடிப் போகவில்லை. போய் என்னவென்று பேசுவது?

ஒரு மழை நாளில், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் இரட்டைக் கட்டிலை இறக்கி வைத்துக்கொண்டு அவள் மாட்டிக்கொண்டாள். வாடகை வண்டி பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டதாகப் போன் வந்தது. கட்டில் நனைகிறது, அவளும் நனைகிறாள். அந்த வழியாக வந்த ஒரு வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது, பின்னாலேயே திரும்பி வந்தது. வேன்காரர் இறங்கினார். பின்பக்கம் இருந்த தொட்டிச்செடிகளை ஒதுக்கி இடம் பண்ணினார். அவர் ஒருமுனையைத் தூக்கினார், அவள் மறுமுனையைத் தூக்கினாள்.

முன்சீட்டில் உட்கார்ந்து சிறிது தூரம் போனார்கள். முன்கண்ணாடியில் வைப்பர் சத்தம் போட்டுக்கொண்டு ஆடியது.

“அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது அண்ணே” என்றாள் அவள்.

அவர் பாதையைப் பார்த்தபடியே இருந்தார். “நான் பெட்ரோல் வாங்கியிருக்கக் கூடாது” என்றார்.

அதற்குப் பிறகு பேச்சு எளிதாக வந்தது. மகளுக்குப் பெண் குழந்தை, இரண்டு பல் முளைத்திருக்கிறது என்றார். பண்ணையில் வேலை கஷ்டமில்லை, செடிகள் திரும்பிப் பேசுவதில்லை என்றார். பின்னால் இடமில்லாமல் தன் மடியில் வைத்திருந்த ஒரு தொட்டியைக் காட்டி அவள் இது என்ன செடி என்று கேட்டாள். வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டு, இது வெயில் கேட்காது, தண்ணீர்தான் கேட்கும், ஆனால் கேட்டதும் கொடுத்தால் அழுகிவிடும் என்று ஆசிரியர் மாதிரி விளக்கினார். எப்போது கொடுப்பது என்றாள். மண்ணை விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என்றார்.

கொட்டகை வாசலில் வண்டி நின்றதும் அவள் கணவர் குடையோடு வெளியே வந்தார். யார் ஓட்டி வந்தது என்று பார்த்தார். பிறகு குடையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே கட்டிலின் நடுப்பக்கத்தைப் பிடித்தார். மூன்று பேருமாக உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். துடைக்கத் துண்டு கொடுத்து, டீ போட்டால் குடிப்பீர்களா என்று கேட்டார் கணவர். வேன்காரர் மழையைப் பார்த்தார், வண்டியில் இருந்த செடிகளைப் பார்த்தார்.

“சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போடுங்க” என்று சொல்லி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.